கேட்டுப் பிறக்கும் சபை: கொழும்பு நகராட்சியும் மக்கட் கருத்தும்

ஓர் ஊர் தோன்றுவதற்கும் அவ்வூருக்கு ஒரு சபை தோன்றுவதற்கும் இடையே பெரியதோர் வேறுபாடு உண்டு. ஊர் என்பது ஆற்றையோ துறைமுகத்தையோ சந்தையையோ பற்றிக்கொண்டு தானே வளர்வது. சபையோ ஒரு சட்டத்தினாற் படைக்கப்படுவது. அது பிறக்கும் நாளில் நிலப்படத்தில் ஓர் எல்லைக்கோடு வரையப்படுகிறது. கோட்டினுள் அகப்பட்டோர் அன்றுதொட்டு வரியிறுக்கக் கடமைப்பட்டோர் ஆகின்றனர். அவ்வரியைச் செலவிடுவதிற் பேசும் உரிமையையும் அவருட் சிலரோ பலரோ பெறுகின்றனர். அக்கோடு வரையப்படுவதற்கு முன்னர், அதனுள் வாழ்வோரிடம் எவரேனும் கருத்துக் கேட்டனரா? கேட்டிருப்பின் யாரிடம் கேட்டனர்? எதனைக் கேட்டனர்? உள்ளூராட்சியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் சட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் நிரைப்படுத்துவதோடு அமைந்துவிடுவது வழக்கம். ஆயின், மேற்கூறிய மூன்று வினாக்களையும் ஒவ்வொரு சட்டத்திடமும் வினவிப் பார்க்குமிடத்தே அவ்வரலாறு உயிர்பெறுகின்றது. கொழும்பு மாநகரின் வரலாற்றை, சிறப்பாகத் தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளை மனத்திற்கொண்டு, இவ்வினாக்களின் வழியே நோக்குதல் பயனுடையது.

தமிழ் மக்களிடையே இப்பொருள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள், ஊரை 30 குடும்புகளாக வகுத்து, குடவோலை முறையால் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துணை நுணுக்கமான விதிகள் வகுக்கப்பட்டமை பெருமைக்குரியதே. ஆயினும், பெருமிதத்தில் ஒன்றை மறத்தலாகாது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையோரின் பெயர்களே குடத்துள் இடப்பட்டன. வயதும் வேதக் கல்வியும் நிபந்தனைகளாயின. அது பிராமணர் சபை. ஏரியைத் தோண்டியவனும் வயலை உழுதவனும் அக்குடத்துக்கு வெளியே நின்றனர். கேட்கும் முறை செம்மையாயிருந்தது. கேட்கப்பட்டோர் தொகை சுருங்கியிருந்தது. இந்த இரட்டைத் தன்மை பிற்கால நகரசபைகள் பலவற்றையும் தொடர்ந்து வந்ததைக் காணலாம்.

ஐரோப்பியர் வருகைக்குப் பின் தமிழ்நிலத்தில் எழுந்த முதலாவது நகராட்சி சென்னையினதாகும். கிழக்கிந்தியக் கம்பனியின் 1687ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி, 1688 செப்ரெம்பர் 29ஆம் திகதி மேயரும் 12 ஆல்டர்மன்களும் கொண்ட சபை அங்கே செயற்படத் தொடங்கியது. இலண்டனிலிருந்து இதனைத் திட்டமிட்ட ஜோசியா சைல்டு என்பவரின் கருத்து மிகத் தெளிவானது. அந்நியன் விதிக்கும் வரியை வெறுக்கும் மக்கள், தம்மவர் அமர்ந்துள்ள சபை விதிக்கும் வரியை மனமுவந்து செலுத்துவர் என அவர் எண்ணினார். அதனாலேயே ஆங்கிலேயரோடு போர்த்துக்கேயரும் இந்து வணிகரும் சபையிற் சேர்க்கப்பட்டனர். ஆயினும், நகரமண்டபத்துக்கும் வடிகாலுக்குமென வரி கேட்கப்பட்டபோது மக்கள் அதனை எதிர்த்தனர். சபையில் ஆசனம் பெற்றோர் சிலர். வரிச்சுமையை ஏற்க வேண்டியோர் பலர். ஆசனத்துக்குரியோரை ஆட்சியாளர் பொறுக்கி எடுத்தனரேயன்றி ஊரார் தெரிந்தெடுத்தாரல்லர். எனவே, அச்சபையைத் தமது சபையெனக் கொள்ள ஊராருக்குக் காரணம் இருக்கவில்லை.

மக்கள் விருப்பத்தை முன்கூட்டி அறிந்தே நகராட்சியை அமைத்தல் வேண்டும் என்னும் கொள்கை, சட்ட வடிவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. இங்கிலாந்தின் 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், பட்டயம் பெறாத ஊர்களின் குடியிருப்பாளர் விண்ணப்பம் செய்தாற் புதிய நகராட்சியை வழங்க வழிவகுத்தது. மான்செஸ்ரர் நகரில் றிச்சட் கொப்டன் முதலியோர் இதற்கென இயக்கம் நடத்தினர். ஆதரவாக ஒரு விண்ணப்பமும் எதிராக ஒரு விண்ணப்பமும் ஆயிரக்கணக்கான கையொப்பங்களோடு அரசை அடைந்தன. கையொப்பங்கள் பரிசீலிக்கப்பட்டபோது எதிர் விண்ணப்பத்திற் கண்ட பெயர்களுட் பெரும்பகுதி செல்லுபடியாகாதென அறியப்பட்டது. 1838இல் அந்நகர் தன் பட்டயத்தைப் பெற்றது. மக்கள் கருத்தைக் கேட்பது மட்டும் போதாது, கேட்டதைச் சரிபார்க்கவும் வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி கற்பித்த பாடமாகும்.

இந்தியாவில் இக்கொள்கை பட்ட பாடு நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. வங்காளத்துக்கென இயற்றப்பட்ட 1842ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம், வீட்டுக்காரருள் மூன்றில் இரு பங்கினர் விண்ணப்பித்தாலன்றி நகரக் குழு அமைத்தல் ஆகாது என்றது. ஒரேயோர் ஊரிலேயே அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வூராரும் வரி கேட்கப்பட்டபோது செலுத்த மறுத்ததோடு, வரி தண்டச் சென்ற கலெக்டர்மீது அத்துமீறிப் புகுந்தாரென வழக்கும் தொடுத்தனர். அடுத்து வந்த 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரியது. ஊரார் விண்ணப்பித்தல், அதனை அரசு விளம்பரப்படுத்தல், ஆட்சேபங்களைக் கேட்டல், பொதுவிருப்பம் அதுவே எனத் தெளிந்தபின் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்தல் என்னும் ஒழுங்கு அதில் அமைந்தது. இன்று மக்கட் கருத்தறிதல் எனப்படும் முறையின் உறுப்புக்கள் யாவும் அச்சட்டத்தில் இருந்தன எனலாம். எனினும், விண்ணப்பித்தால் வரி வரும், விண்ணப்பியாவிடின் வரி இல்லை என்ற நிலையில் விண்ணப்பிக்க முன்வந்த ஊர்கள் சிலவே. வரியை மட்டும் முன்வைத்துக் கேட்கும் கேள்விக்கு மக்கள் வேறெவ்வாறு விடையளிப்பர்?

இலங்கையில் இக்கேள்வி அவ்வளவேனும் கேட்கப்படவில்லை. 1848ஆம் ஆண்டு ரொறிங்டன் பிரபு தேசாதிபதியாயிருந்த காலத்தில், கடை, துப்பாக்கி, நாய் ஆகியவற்றின் மீது வரிகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் ஆண்டிற்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்தல் வேண்டும் என்னும் கட்டளைச் சட்டமும் வந்தது. அவ்வாண்டு யூலை மாதம் கொழும்பிற் பொரளைப் பகுதியில் மக்கள் திரண்டு தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். கண்டிப் பகுதியிலும் மாத்தளையிலும் அது கிளர்ச்சியாக மூண்டு, இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டது. கேளாது விதித்த வரியின் விலையை ஆட்சியாளர் அன்று அறிந்தனர். அதற்குப் பதினேழு ஆண்டுகளின் பின், 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. கொழும்பு மாநகரசபை 1866 சனவரி 16ஆம் திகதி முதன்முறையாகக் கூடியது. மேல் மாகாண அரசாங்க அதிபராயிருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயாட் அதன் முதலாவது தலைவரானார்.

அச்சபை பிறந்த வேளை கவனிக்கத்தக்கது. 1864ஆம் ஆண்டின் இறுதியில், இராணுவச் செலவு பற்றிய பிணக்கினாற் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர் பதவி துறந்து வெளியேறியிருந்தனர். நாட்டின் வரிப்பணத்தின்மீது நாட்டவருக்கு அதிகாரம் வேண்டும் என்று கோரி 1865இல் இலங்கைச் சங்கம் என்னும் அமைப்பு ஜோர்ஜ் வோல் என்பவரின் தலைமையில் உருவாயிற்று. இவ்வாறு மேற்சபையிலே குரல்கள் வெளியேறி நின்ற காலத்திலேயே, நகரசபையிலே குரல் கொடுக்க வாருங்கள் என்ற அழைப்பு விடுக்கப்பட்டது. அழைப்பில் உண்மை ஒன்றும் உண்டு, உத்தி ஒன்றும் உண்டு. நகரத்தார் தம்முட் சிலரை வட்டாரம்தோறும் தெரிந்தெடுக்கலாம் என்பது உண்மை. நாட்டின் பிற பகுதிகளில் அத்தகைய தேர்தல் அரிதாயிருந்த காலத்தில் அது சிறியதோர் உரிமையன்று. பொலிசு, வீதி, விளக்கு, துப்புரவு ஆகியவற்றின் செலவை நகரத்தாரே தாங்கவேண்டும் என்பது உத்தி. தலைமைப் பதவி அரசாங்க உத்தியோகத்தரிடமே இருந்தது. நியமன உறுப்பினரும் இருந்தனர். வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டது.

இவ்வாக்குரிமையின் பொருள் யாதென்பதைக் கொட்டாஞ்சேனையிற் போல் வேறெங்கும் தெளிவாகக் காணமுடியாது. துறைமுகத்தை அடுத்திருந்த அப்பகுதியிலும், அதனைச் சூழ்ந்த கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி முதலிய இடங்களிலும் செட்டிமாரும் பரதரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அருகருகே வாழ்ந்தனர். பொன்னம்பலவாணேசர் கோயிலும், புனித அந்தோனியார் ஆலயமும், புனித லூசியாள் பேராலயமும், தீபதுத்தாராம விகாரையும் ஒன்றிற்கொன்று அணித்தாக உள்ள நிலம் அது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலம் ஒன்றையொட்டிக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே கலகம் மூண்டதும் அங்கேதான். வழிபாட்டிலும் மொழியிலும் வேறுபட்ட இம்மக்களுக்குப் பொதுவாயிருந்தவை ஒரே வீதியும், ஒரே வடிகாலும், ஒரே தண்ணீர்க் குழாயுமே. அவற்றுக்குப் பொறுப்பான மாநகரசபையிற் பேசும் உரிமை மட்டும் பொதுவாயிருக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் ‘தோட்டம்’ என்றும் ‘முடுக்கு’ என்றும் வழங்கப்பட்ட வரிசை அறைகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். வாடகையினூடாகச் சோலைவரியின் சுமை அவர்கள் தலையிலும் இறங்கியது. சொத்தின்வழி வந்த வாக்கோ உடையவர் பக்கமே நின்றது.

இதன் விளைவு நகரத்தின் உடல்நலத்திலேயே தெரிந்தது. லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து 1886இல் நகருக்குக் குழாய்நீர் வந்தது. 1902இல் மாநகரசபைக்கு முதலாவது சுகாதார வைத்திய அதிகாரி நியமிக்கப்பட்டார். ஆயினும் 1914இற் கொழும்பிற் கொள்ளைநோய் தோன்றியபோது, நெருக்கமான வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் உள்ள பகுதிகளே பெருந்துன்பம் அடைந்தன. எலியும் நோயும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. வாக்கற்றோர் வாழும் முடுக்கின் வடிகாலைப் புறக்கணித்த நகரம் அதன் பயனை வாக்குடையோர் வீதியிலும் அனுபவித்தது.

நகருக்கு வெளியே உள்ளூராட்சி வேறொரு நெறியில் வளர்ந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு மீண்டும் உயிரளித்தது. 1876இற் சிறு பட்டினங்களுக்குச் சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமான சபைகள் அமைக்கப்பட்டன. 1920ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டமே தெரிவுசெய்யப்பட்டோருக்கு முதன்மையளித்து நகர மாவட்ட சபைகளை உருவாக்கியது. எனினும் எந்த ஊர் எந்தத் தரத்தது, எல்லை யாது என்பவற்றை முடிவு செய்யும் பொறுப்பு மேலிடத்திலேயே தங்கியது. ஊரார் விண்ணப்பிக்கலாம், தீர்ப்பு வழங்குபவர் வேறொருவர்.

நாட்டு மக்களின் கருத்தைப் பரந்த அளவிற் கேட்க முற்பட்ட நிகழ்ச்சியாக 1927ஆம் ஆண்டு இறுதியில் வந்த டொனமூர் ஆணைக்குழுவின் வருகையைக் குறிப்பிடலாம். அது நகரசபை பற்றிய ஆணைக்குழுவன்று, அரசியலமைப்புப் பற்றியது. ஆயினும் கேட்டல் என்பதன் இயல்பை அறிய அது துணைபுரிகின்றது. ஆணைக்குழுவின் முன் தோன்றிய தலைவர்களுட் பெரும்பாலார் வாக்குரிமையைச் சொத்தோ கல்வியோ உடையாருக்கு வரையறுக்கவேண்டும் என்றே கூறினர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவும், வாக்குரிமை கோரிய பெண்கள் சங்கத்தினரும் வேறுவிதமாகப் பேசினர். ஆணைக்குழுவோ தலைவர்கள் கேட்டதிலும் மேலதிகமாக, சொத்தையோ கல்வியையோ நிபந்தனையாக்காது ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. மக்களின் பேரால் முன்வந்து பேசுவோர் சொல்வதும் மக்கள் வேண்டுவதும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றிற் கிடைத்தல் அரிது.

சர்வசன வாக்குரிமையின் பயன் வட கொழும்பில் விரைவிலே தோன்றியது. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் வட கொழும்புத் தொகுதியில் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து வெற்றிபெற்றார். தேர்தல் மனுவினால் அவர் ஆசனத்தை இழந்தபோது, 1932இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவர் மனைவியார் நேசம் சரவணமுத்து தெரிவானார். அரசாங்க சபையின் இரண்டாவது பெண் உறுப்பினர் அவரே. 1935ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொழும்பு மாநகரசபையின் அமைப்பை மாற்றி, உறுப்பினர் தமக்குள் ஒருவரை மேயராகத் தெரிவுசெய்ய வழிவகுத்தது. 1937இல் அவ்வாறு தெரிவான முதலாவது மேயர் இரத்தினசோதி சரவணமுத்து ஆவார். தமிழர் சிறுபான்மையினராயுள்ள ஒரு நகரத்தின் முதற் குடிமகனாகத் தமிழர் ஒருவரைப் பிற இனத்தாரும் ஏற்றனர். அது தனியொருவர் பெருமை மட்டுமன்று. அரசாங்க அதிபரின் நாற்காலி நகரத்தாரின் நாற்காலியாக மாறுவதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன என்பதையும் அது நினைவூட்டுகின்றது.

இன்றைய உள்ளூராட்சியின் அடிப்படைச் சட்டங்கள் அடுத்த பத்தாண்டில் எழுந்தன. 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டம் நகரசபைகளையும், 1946ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பட்டினசபைகளையும், 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் மாநகரசபைகளையும் நெறிப்படுத்தின. ஓரிடத்தின் வளர்ச்சியையும் வசதிகளையும் நகரத் தன்மையையும் கருதி, அமைச்சர் வர்த்தமானி அறிவித்தல் மூலம் அதனை மாநகரம் எனப் பிரகடனப்படுத்தலாம் என்பது சட்டத்தின் போக்கு. அவ்விடத்து மக்களின் வாக்கெடுப்பு என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்றன்று. யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபையாயிற்று. கொழும்பின் தென்னெல்லையில் தெகிவளை – கல்கிசை 1959இல் அத்தரத்தைப் பெற்றது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே நடப்பவர் எவ்வித மாற்றமுமின்றித் தெகிவளைக்குட் புகுந்துவிடுவர். அதே கடற்கரை, அதே கடைத்தெரு, அதே மக்கள். ஆயினும் சோலைவரி வேறொரு சபைக்கு. எல்லைக்கோடு என்பது நிலத்தின் இயல்பாலன்றி எழுத்தாற் பிறப்பது என்பதற்கு இதுவே சான்று.

எழுத்தாற் பிறப்பது எழுத்தாலேயே மறைதலும் கூடும். 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின் விளைவாக, 1981 யூலையில் நாட்டின் 83 பட்டினசபைகளும் 549 கிராமசபைகளும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஓர் ஊர்ச் சந்தையையும் மயானத்தையும் வாசிகசாலையையும் தலைமுறைகளாகப் பேணிவந்த சபை, அவ்வூராரின் சம்மதம் பெறப்படாமலே இல்லாதொழிந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேசசபைகள் சட்டம் அவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. முதற் பிரதேசசபைத் தேர்தல் 1991இலேயே நடைபெற்றது. பத்தாண்டு காலம் சபையின்றிக் கழிந்த ஊர்களில், ஊர்க்காரியத்தை ஊரார் கூடிப் பேசும் பழக்கமே தளர்ந்துவிட்டது.

இதே காலப்பகுதியிற் கொழும்புத் தமிழர் வேறொன்றையும் கண்டனர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, தாக்க வந்தோர் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்து வீடுகளை இனங்கண்டனர் எனப் பலரது சாட்சியங்கள் பதிவாகியுள்ளன. யாவரையும் கேட்பதற்கென, யாவரையும் பெயர் குறித்து எழுதிய ஏடு அது. எழுபது, எண்பது ஆண்டுகளாகப் போராடிப் பெற்ற வாக்குரிமையின் அடையாளமான அவ்வேடே, வீடு காட்டும் ஏடாக மாறியது. மக்கட் கருத்தறிதல் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. தன் பெயரைக் கூறவே அஞ்சும் ஒருவனிடம் கருத்துக் கேட்பதிற் பொருளில்லை. பாதுகாப்பே கருத்துரிமையின் முதற்படி.

இருண்ட அவ்வாண்டுகளிலும் நகரத்தின் அடித்தளத்திற் புதியதொரு முயற்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1979ஆம் ஆண்டுமுதல், ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் உதவியோடு கொழும்பு மாநகரசபையின் சுகாதாரப் பகுதி, தோட்டங்களிலும் முடுக்குகளிலும் சமுதாய அபிவிருத்தி மன்றங்களை உருவாக்கத் தொடங்கியது. ஒரு தோட்டத்தின் குடும்பங்கள் கூடித் தம் மன்றத்தைத் தெரிவுசெய்யும். பொதுக் குழாய் எங்கே அமையவேண்டும், பொது மலசலகூடத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர் யார், வடிகால் எவ்வழியே செல்லவேண்டும் என்பன அங்கே பேசப்படும். மன்றத்தின் குரல் மாநகரசபையின் பிரிவு மட்டத்துக்கும், அங்கிருந்து மேயர் தலைமையிலான நகர மட்டக் குழுவுக்கும் செல்லும் வகையில் மூன்று படிகள் அமைக்கப்பட்டன. 1984இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீடுகள் திட்டத்திலும் இம்மன்றங்கள் பயன்பட்டன.

இம்மன்றங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரமில்லை. சட்டப்படி அவை சபைகளும் அல்ல. கட்சிச் சார்பும் உத்தியோகத்தர் தலையீடும் பலவற்றை நலிவித்தன என்பதும் உண்மையே. எனினும் கொழும்பின் வரலாற்றில் முதன்முறையாக, வாடகைக் குடியிருப்பாளரிடமும், பெண்களிடமும், நிலவுரிமைப் பத்திரம் இல்லாதோரிடமும் கேள்வி கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட கேள்வியும் வேறானது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் “வரி செலுத்தச் சம்மதமா?” என வினவிற்று, முடுக்கில் நடந்த கூட்டமோ “உங்களுக்கு வேண்டியது யாது? அதில் நீங்கள் செய்யக்கூடியது யாது?” என வினவிற்று. முதல் வினாவுக்கு மௌனமோ வழக்கோ விடையாயிற்று. இரண்டாவது வினாவுக்குக் குழாயும் வடிகாலும் விடையாயின.

ஆயின், மக்களைக் கேட்டு முடிவு செய்தால் எல்லாப் பிணக்கும் தீர்ந்துவிடும் எனக் கருதுதலும் தவறாகும். அண்மைக்காலத்திற் கிழக்கிலங்கையில் எழுந்த சாய்ந்தமருது நகரசபைக் கோரிக்கை இதனைத் தெளிவுபடுத்தும். முன்னர்த் தனித்தனிச் சபைகளாயிருந்த கல்முனைப் பட்டினமும் கரைவாகுப் பகுதிகளும் பிற்காலச் சீர்திருத்தத்தில் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைந்தன. தமக்கு மீண்டும் தனிச்சபை வேண்டுமெனச் சாய்ந்தமருது மக்கள் நெடுங்காலம் கோரிவந்தனர். 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில், அக்கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழுவுக்கு அவர்கள் பெருமளவில் வாக்களித்தனர். 2020 பெப்ரவரியில் தனிச்சபையை அறிவிக்கும் வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களுக்குள் இடைநிறுத்தப்பட்டது. கோட்டின் ஒரு பக்கத்தாரின் விருப்பம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தது. மற்றப் பக்கத்தில் எஞ்சும் கல்முனையின் முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் அக்கோடு எதனைக் கொணரும் என்னும் அச்சத்துக்கே விடை கிடைக்கவில்லை. அங்கே தமிழர், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தனியாகக் கோரிவந்தனர். எல்லைக்கோடு இரு பக்கம் உடையது. ஒரு பக்கத்தாரிடம் மட்டும் கேட்பது பாதிக் கேள்வியே.

கொழும்பில் எல்லைப் பிரச்சினை வட்டார வடிவில் வெளிப்படுகின்றது. 2012ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வட்டார முறையை மீளக் கொணர்ந்தபோது, எல்லை நிர்ணயக் குழு பொதுமக்களிடமிருந்து முறையீடுகளைக் கோரியது. வெவ்வேறு இனத்தார் கலந்து வாழும் இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் வட்டாரங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. நகரம் முழுவதிலும் சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு இது சிறு விடயமன்று. ஒரு வீதியை இந்த வட்டாரத்திற் சேர்ப்பதா, அடுத்த வட்டாரத்திற் சேர்ப்பதா என்னும் முடிவு, ஒரு சமூகத்தின் குரல் சபையில் ஒலிப்பதா இல்லையா என்னும் முடிவாக மாறக்கூடும். ஆயினும் எத்தனை தமிழ் அமைப்புக்கள், எத்தனை வாசிகசாலைகள், எத்தனை கோயிற் பரிபாலன சபைகள் அத்தகைய வேளைகளில் நிலப்படத்தை விரித்து வைத்துத் தம் முறையீட்டை எழுதுகின்றன? கேட்பது அரசின் கடமையாயின், விடை சொல்வது மக்களின் கடமை.

அக்கடமையைச் செய்ய மக்கள் ஆயத்தமாயிருந்தும், கேட்கும் கடமையை அரசு ஒத்திவைத்த காலமும் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்தது. நிதியில்லை என்று கூறித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. நகரங்களை ஆணையாளர்களும் செயலாளர்களும் நிருவகித்தனர். அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதியே மக்கள் மீண்டும் கேட்கப்பட்டனர். அவ்விரண்டு ஆண்டுகளிலும் சோலைவரி அறவிடுவது மட்டும் ஒத்திவைக்கப்படவில்லை. 1866இல் அரசாங்க அதிபர் அமர்ந்த நாற்காலி தெரிவுசெய்யப்பட்டோருக்கு ஒருமுறை கிடைத்துவிட்டதால் என்றும் அவர்களுக்கே உரியதாகிவிடாது என்பதை அது உணர்த்திற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. உத்தரமேரூர்க் குடத்துள் இடப்பட்ட பெயர்கள் முதல் கொட்டாஞ்சேனை முடுக்கில் நடந்த கூட்டம் வரை, சபையின் வலிமை அதனைப் படைத்த சட்டத்தின் சொற்களால் அமையவில்லை. அது யாரைக் கேட்டுப் பிறந்தது, பிறந்த பின்னும் யாரைக் கேட்டு நடந்தது என்பதனாலேயே அமைந்தது. கேளாது படைக்கப்பட்ட சபை வரி தண்டும் அலுவலகமாயிற்று. சிலரை மட்டும் கேட்டது அச்சிலரின் சபையாயிற்று. கேட்டுப் பிறந்து பின்னர் கேளாது ஒழிக்கப்பட்டது ஊரின் நினைவாயிற்று. வடிகாலும் குழாயும் தெருவிளக்கும் பெரிய அரசியல் அல்ல என எண்ணுவோர் உளர். ஆனால் மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட அயலவர்கள், ஒருவரை ஒருவர் அஞ்சாது ஒரே மேசையில் அமர்ந்து பேசத்தக்க பொருள்கள் அவையே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாளை எக்கோடு வரையப்படினும், அக்கோடு வரையப்படுமுன் அம்மேசை போடப்படுதல் வேண்டும். முடுக்கில் வாழ்பவருக்கும் அதில் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும்.